நுண்ணுயிரின் ஏடுகள்

நுழையும்முன்

மாமரத்தையும் புளியமரத்தையும் பிரித்தறிய நமக்குக் கண்ணே போதும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களை எவ்வாறு பிரித்தறிவது? உருப்பெருக்கியில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு பாக்டீரியாக்களை ஒரே இனம் என்பதா, வெவ்வேறு இனம் என்பதா? இக்கேள்வி வகைப்பாட்டு நூலுக்குள் அடங்கிவிடுவதன்று. எந்த மருந்து எந்த நோயைத் தீர்க்கும் என்பதும் இதன் விடையைச் சார்ந்திருக்கிறது. உயிரின் மரபுச்செய்தி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிடும் இன்றைய அறிவியல், அவ்விடையைத் தேடிய கதையில் தமிழ்நாட்டின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது.

மலைமண்ணில் ஒரு கேள்வி

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் நோக்கிச் செல்வோருக்குக் கரும்பும் மரவள்ளியும் விளையும் வயல்களுக்கு அப்பால் நீலக்கோடாகத் தெரிவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, அடிவாரத்தில் அணையாகத் தேங்கிச் சமவெளியின் வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் வாழும் பழங்குடி மக்கள் மரங்களை நன்கு அறிந்தவர்கள். இலையைக் கசக்கி மோந்தும், பட்டையைக் கீறிப் பார்த்தும், காயின் வடிவம் கண்டும் இது கடுக்காய், இது நெல்லி என்று அவர்கள் ஐயமின்றிச் சொல்வார்கள்.

கோடையின் இறுதியில் முதல் மழை விழும்போது அம்மலையிலிருந்து மண்வாசனை எழுகிறது. அந்த வாசனைக்குப் பெருங்காரணம் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். அடிவாரத்து வயலில் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரியும். அவற்றுள் வாழும் பிராடிரைசோபியம் என்னும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகிறது. மரங்களைப் பெயர்சொல்லி அழைக்கும் மலையில், காலடி மண்ணிலுள்ள இவ்வுயிர்களையும் அவ்வாறே இனம்பிரித்துச் சொல்ல இயலுமா?

உயிர்களை வகைப்படுத்தும் ஆர்வம் தமிழர்க்குப் புதிதன்று. உயிர்களை அவற்றின் அறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்துகிறது. புலன்களால் உணரத்தக்க பண்புகளைக் கொண்டு வகுக்கும் முறை அது. ஆனால், பாக்டீரியாவுக்கு இலையில்லை, பூவில்லை, காயில்லை. உருப்பெருக்கியின் அடியில் அது ஒரு கோல் அல்லது ஒரு புள்ளி. கோலுக்கும் கோலுக்கும் என்ன வேறுபாடு காண்பது?

சிற்றினம் என்னும் சிக்கல்

விலங்குகளில், தம்முள் இணைந்து வளமான வழித்தோன்றல்களை உருவாக்கும் உயிர்களை ஒரே சிற்றினம் என்கிறோம். பாக்டீரியாவுக்கு இவ்வரையறை பொருந்தாது. அது இணை தேடுவதில்லை. தானே இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. அதுமட்டுமன்று. தாயிடமிருந்து மகளுக்கு வரும் மரபணுக்களோடு, அருகில் வாழும் வேற்றினப் பாக்டீரியாவிடமிருந்தும் அது மரபணுக்களைப் பெற்றுக்கொள்கிறது. இதனைக் கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம் என்பர். மூதாதையர் சொத்தோடு அண்டை வீட்டாரின் பொருளும் கலந்து கிடக்கும் வீட்டில், எது குடும்பச் சொத்து என்று பிரித்தறிவது எளிதன்று.

தொடக்கத்தில் அறிஞர்கள் வடிவம், சாயமேற்கும் தன்மை, எந்தச் சர்க்கரையைச் செரிக்கிறது, எந்த வெப்பத்தில் வளர்கிறது போன்ற பண்புகளைக் கொண்டு பாக்டீரியாக்களைப் பிரித்தனர். 1977ஆம் ஆண்டு, கார்ல் ஊஸ் என்னும் அமெரிக்க அறிஞர், ரைபோசோம் என்னும் செல்லுறுப்பிலுள்ள ஆர்.என்.ஏ. மூலக்கூற்றை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையை வகுத்துக் காட்டினார். பாக்டீரியாவைப் போலவே தோன்றிய ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் முற்றிலும் வேறான குலத்தைச் சேர்ந்தவை என்பது அதனால் வெளிப்பட்டது. ஆயினும், அந்த ஒற்றை மரபணுவில் இருப்பவை ஏறத்தாழ 1,500 எழுத்துகளே. நெருங்கிய உறவுடைய இரு சிற்றினங்களைப் பிரித்துக் காட்ட அது பல வேளைகளில் போதவில்லை. ஒரு பாடலை மட்டும் படித்துவிட்டு நூல் முழுவதையும் மதிப்பிடுவது போன்றது அது.

நூல் முழுவதையும் படிக்கும் வாய்ப்பு 1995இல் கிட்டியது. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே என்னும் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி அவ்வாண்டில் முழுமையாகப் படிக்கப்பட்டது. தனித்து வாழவல்ல ஓர் உயிரின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. அதன் எழுத்துகள் 18 இலட்சத்துக்கும் மேல்.

> தெரிந்து தெளிவோம்
> ஓர் உயிரின் டி.என்.ஏ.வில் அடங்கிய மரபுச்செய்தி முழுவதும் மரபணுத்தொகுதி எனப்படும். அச்செய்தி அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் ஆகிய நான்கு காரங்களால் ஆனது. இந்நான்கையும் நான்கு எழுத்துகளாகக் கொண்டால், மரபணு என்பது ஒரு தொடர். மரபணுத்தொகுதி என்பது ஒரு நூல்.

ஏடு ஒப்பிடுதலும் மரபணு ஒப்பிடுதலும்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஒரே நூலின் ஓலைச்சுவடிகள் பலவற்றை ஊரூராகச் சென்று திரட்டினார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்முன் பல படிகளை வரிவரியாக ஒப்பிட்டார். ஏடு எழுதுவோர் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் படியெடுக்கும்போது எழுத்து மாறும், சொல் விடுபடும், அடி இடம்மாறும். இவ்வாறு படிக்குப் படி வேறுபடும் பாடங்களைப் பாடபேதம் என்கிறோம்.

பாடபேதம் வெறும் பிழையன்று. அது ஒரு சான்று. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்குமாயின், அவ்விரண்டும் அப்பிழையைக் கொண்ட ஒரு மூலச் சுவடியிலிருந்து வந்தவை என்று உய்த்துணரலாம். வேறுபாடுகள் மிகுந்தால், இரண்டும் பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று என்று கருதலாம்.

பாக்டீரியா பிரிந்து பெருகும் ஒவ்வொரு முறையும் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அங்கும் அரிதாகப் பிழை நேர்கிறது. அப்பிழை அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. எனவே, இரு பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் அவற்றின் உறவும் பிரிவும் புலனாகும்.

இரண்டுக்கும் பொதுவான பகுதிகளில் எழுத்துகள் எத்தனை விழுக்காடு ஒத்திருக்கின்றன என்று கணக்கிட்டுச் சராசரி காண்பது இன்று பெருவழக்காக உள்ள முறை. அவ்வொப்புமை ஏறத்தாழ 95 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் இரண்டும் ஒரே சிற்றினம் என்று கொள்வர். 2018இல் ஏறத்தாழ 90,000 மரபணுத்தொகுதிகளை இவ்வாறு ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. பெரும்பாலான இணைகள் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தன, அல்லது 83 விழுக்காட்டுக்கும் கீழே வேறுபட்டிருந்தன. இடைப்பட்டவை மிகச் சிலவே. ஆகவே, எல்லைக்கோடு வெறும் மனிதக் கற்பனையன்று. இயற்கையிலும் ஓர் இடைவெளி உண்டு.

ஆயினும், இந்த அளவுகோல் பாக்டீரியாவுக்கே உரியது. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான டி.என்.ஏ. பகுதிகள் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒத்தவை. பாக்டீரியாவின் அளவுகோலால் அளந்தால் நாமும் சிம்பன்சியும் ஒரே சிற்றினம் ஆகிவிடுவோம்!

தமிழ்நாட்டின் பெயர் பெற்ற மரபணுத்தொகுதி

எழுத்து ஒப்புமையின் விழுக்காடு, இரண்டு உயிர்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கூறும். எதனால் வேறுபடுகின்றன என்பதை அறிய, எந்தெந்த மரபணுக்கள் இருக்கின்றன, எவை இல்லை என்று பார்க்க வேண்டும். இதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் சான்று, தமிழ்நாட்டு நோயாளர் ஒருவரிடமிருந்து கிடைத்த தொழுநோய்ப் பாக்டீரியா.

மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் இப்பாக்டீரியாவை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் அர்மவர் ஹான்சன் கண்டறிந்தார். நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் மிக முன்னதாக அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால், ஆய்வகத்தின் செயற்கை ஊடகத்தில் இதை வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. 1960இல் எலியின் பாதத்திலும், 1971இல் அர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலிலும் இதைப் பெருக்கும் வழி கண்டனர். குடலில் வாழும் எஸ்செரிச்சியா கோலை ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரண்டாகப் பிரிகிறது. காசநோய்ப் பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். தொழுநோய்ப் பாக்டீரியாவுக்கோ ஏறத்தாழ 14 நாள்கள் வேண்டும். இவ்வளவு மந்தமாக வளர்வது ஏன்? ஊடகத்தில் வளர மறுப்பது ஏன்?

விடை 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் இணைந்து, ஸ்டூவர்ட் கோல் தலைமையில் இப்பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியை முழுமையாகப் படித்து, ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டன. அவர்கள் படித்தது, தமிழ்நாட்டில் பெறப்பட்டு அர்மடில்லோவின் உடலில் பெருக்கப்பட்ட கால்வழி. அதன் பெயர் ‘டி.என்.’, அதாவது தமிழ்நாடு. ஒரு சிற்றினத்துள் ஒரு குறிப்பிட்ட மூலத்திலிருந்து வழிவழியாக வரும் பிரிவையே இங்குக் கால்வழி என்கிறோம். இன்றும் உலகின் எப்பகுதியிலிருந்து தொழுநோய்ப் பாக்டீரியா கிடைத்தாலும், அதன் எழுத்துகளை இந்தத் தமிழ்நாட்டுப் படியோடு ஒப்பிட்டே வேறுபாட்டைக் கணிக்கின்றனர்.

செல்லரித்த ஏடு

காசநோய்ப் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி 1998இலேயே படிக்கப்பட்டிருந்தது. இரண்டும் மைக்கோபாக்டீரியம் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் அருகருகே வைத்தபோது அறிஞர்கள் வியந்தனர்.

காசநோய்ப் பாக்டீரியாவின் எழுத்துகள் ஏறத்தாழ 44 இலட்சம். செயல்படும் மரபணுக்கள் ஏறத்தாழ 4,000. தொழுநோய்ப் பாக்டீரியாவின் எழுத்துகள் 32,68,203. புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் 1,604 மட்டுமே. எஞ்சிய இடத்தில் இருந்தவை என்ன? 1,116 போலி மரபணுக்கள்! ஒருகாலத்தில் செயல்பட்டு, பின்னர்ப் பிழைகள் சேர்ந்து, பொருள் இழந்துபோன மரபணுக்களே போலி மரபணுக்கள் எனப்படுகின்றன. மரபணுத்தொகுதியில் பாதிக்கும் குறைவான பகுதியே பயன்பாட்டில் இருந்தது. செல்லரித்த சுவடியில் எழுத்துகளின் தடம் மட்டும் எஞ்சி, பொருள் போய்விட்டதைப் போன்ற காட்சி அது.

இழந்தவை எவை என்று பார்த்தபோது பழைய கேள்விகளுக்கு விடை புலப்பட்டது. இரும்புச்சத்தைத் திரட்டும் மூலக்கூற்றை உருவாக்கும் மரபணுக் கூட்டத்தை அது முற்றிலும் இழந்திருந்தது. உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் வழிகள் பலவும் அடைபட்டிருந்தன. வேறோர் உயிரின் செல்லுக்குள் புகுந்து வாழத் தொடங்கியபின் அது வேண்டியவற்றைச் செல்லிடமிருந்தே பெற்றுக்கொண்டது. தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய தேவை நீங்கியதும், அவற்றுக்கான மரபணுக்களில் பிழை நேர்ந்தாலும் தீங்கில்லாமல் போயிற்று. பயன்படாத மரபணு, பேணுவாரற்ற வீடுபோல மெல்லச் சிதைந்தது. ஆய்வக ஊடகத்தில் அது வளராததற்கும், உடலில் மிக மெதுவாக வளர்வதற்கும் இவ்விழப்புகளே காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

ஒரு சிற்றினத்தைச் சிற்றினமாக்குவது அது பெற்றவை மட்டும் அல்ல. அது இழந்தவையும் ஆகும். இதுவே அவ்வொப்பீடு கற்பித்த பாடம்.

ஒப்பீடு காத்த உயிர்கள்

இவ்வொப்பீட்டின் பயனை மருத்துவத்தில் காணலாம். காசநோய்க்குத் தரும் மருந்துகளுள் ஐசோனியாசிட் முதன்மையானது. அம்மருந்து உடலுக்குள் செல்லும்போது முழு ஆற்றலோடு செல்வதில்லை. காசநோய்ப் பாக்டீரியாவின் ‘கேட்-ஜி’ என்னும் மரபணு உண்டாக்கும் நொதியே அம்மருந்தைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுகிறது. கள்வன் தன் கையாலேயே தன் விலங்கைப் பூட்டிக்கொள்வது போன்றது இது. தொழுநோய்ப் பாக்டீரியாவிலோ, அதே மரபணு போலி மரபணுவாகச் சிதைந்துபோயிற்று. பூட்டும் கை இல்லை; ஆகவே, ஐசோனியாசிட் தொழுநோயைத் தீர்ப்பதில்லை. மாறாக, ரிஃபாம்பிசின் என்னும் மருந்து தாக்கும் மரபணு இரண்டு பாக்டீரியாக்களிலும் செயலோடு இருக்கிறது. எனவே, அது இரு நோய்க்கும் மருந்தாகிறது.

உறவினம் என்பதால் ஒரே மருந்து போதும் என்று எண்ணுவதும் பிழை. வேற்றினம் என்பதால் எல்லா மருந்தும் வேறாக வேண்டும் என்று எண்ணுவதும் பிழை. எங்கே ஒற்றுமை, எங்கே வேற்றுமை என்பதை மரபணு ஒப்பீடே காட்டுகிறது.

தமிழகம் இந்நோயோடு நெடுங்காலம் போராடிய நிலம். செங்கற்பட்டை அடுத்த திருமணியிலும், வேலூரை அடுத்த கரிகிரியிலும் தொழுநோய்க்கெனவே ஆய்வு நிறுவனங்கள் வளர்ந்தன. பன்மருந்துச் சிகிச்சை 1980களில் வந்தபின் நோயின் பரவல் பெரிதும் குறைந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான அளவை நாட்டளவில் எட்டியதாக 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது. நோய் அற்றுப்போகவில்லை, ஆனால், முழுமையாகக் குணப்படுத்தத்தக்கதாயிற்று. உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைக் கண்டவுடன் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடினால் மருந்து இலவசமாகவே கிடைக்கும்.

இந்நோயை முற்பிறவிப் பயன் என்று ஒதுக்கி, நோயுற்றோரை ஊருக்கு வெளியே தள்ளிய காலம் ஒன்று இருந்தது. 32 இலட்சத்துச் சொச்சம் எழுத்துகளையும் படித்துப் பார்த்தபின் தெரிவது, வலுவிழந்து, பிறர் செல்லை அண்டிப் பிழைக்கும் ஓர் எளிய பாக்டீரியாவே. பழிக்கு அங்கே ஓர் எழுத்தும் இடமில்லை.

ஒரே நோய், இரண்டு சிற்றினம்

நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழுநோய்க்குக் காரணம் ஒரே சிற்றினம் என்றே உலகம் நம்பியிருந்தது. 2008இல், மெக்சிகோவைச் சார்ந்த நோயாளர்களிடம் கண்ட கடுமையான ஒருவகைத் தொழுநோய்க்கு வேறொரு பாக்டீரியா காரணம் என்று அறிஞர் அறிவித்தனர். அதற்கு மைக்கோபாக்டீரியம் லெப்ரோமடோசிஸ் என்று பெயரிட்டனர். அது உண்மையில் புதிய சிற்றினமா, பழையதன் கால்வழியா என்ற ஐயம் எழுந்தது இயல்பே.

2015இல் அதன் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டு, தொழுநோய்ப் பாக்டீரியாவோடு ஒப்பிடப்பட்டது. நூலின் பருமன் ஏறத்தாழ ஒன்றே; மரபணுக்கள் அமைந்த வரிசையும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால், புரதம் உண்டாக்கும் மரபணுக்களின் எழுத்துகள் 93 விழுக்காடும், போலி மரபணுக்களின் எழுத்துகள் 82 விழுக்காடுமே ஒத்திருந்தன. 95 விழுக்காடு என்னும் எல்லைக்கு அப்பால் இருப்பதால் அது தனிச் சிற்றினமே.

இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிந்தனைக்குரியது. செயல்படும் மரபணுவில் பெரும்பிழை நேர்ந்தால் உயிர் தாங்காது. அப்பிழை அவ்வுயிரோடே மறையும். போலி மரபணுவில் பிழை நேர்ந்தாலோ கேட்பாரில்லை. ஓதப்படும் பாடலைப் பலரும் திருத்திக் காப்பர். ஓதப்படாத பாடலில் பிழை மலியும். ஆதலின், போலி மரபணுக்களில் வேற்றுமை மிகுந்தது.

இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. இரண்டு பாக்டீரியாக்களிலும் பெரும்பாலும் அதே மரபணுக்களே சிதைந்திருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிழையுடைய இரண்டு சுவடிகளை இங்கு நினைவுகூர்க. மரபணுக்களின் பெருஞ்சிதைவு, இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடமே நேர்ந்துவிட்டது. அதன் பின்னரே இரண்டும் பிரிந்தன. அப்பிரிவு ஒரு கோடியே 39 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளரின் கணிப்பு.

இதற்கு நேர்மாறான ஒப்பீடும் உண்டு. தமிழ்நாட்டில் பெற்ற ‘டி.என்.’ கால்வழியையும் பிரேசில் நாட்டில் பெற்ற தொழுநோய்ப் பாக்டீரியாவையும் 2009இல் ஒப்பிட்டபோது, இரண்டும் 99.995 விழுக்காடு ஒத்திருந்தன. இரண்டு கண்டங்கள், இடையில் பெருங்கடல்கள். ஆயினும், எழுத்துகளில் மாற்றம் மிகச் சிறிதே. மக்கள் சென்ற வழியெல்லாம் இப்பாக்டீரியாவும் மாறாமல் உடன்சென்றிருக்கிறது என்பதை அச்சிறு மாற்றங்களைக் கொண்டே அறிஞர் தடம்பிடித்தனர்.

பெயரும் பொருளும்

எல்லா இடத்திலும் எண்ணும் பெயரும் ஒத்துப்போவதில்லை. மனிதருக்குக் காசநோய் தரும் பாக்டீரியாவும், மாடுகளுக்குக் காசநோய் தரும் மைக்கோபாக்டீரியம் போவிசும் இரண்டு சிற்றினப் பெயர்களால் வழங்குகின்றன. அவற்றின் எழுத்துகளோ 99.95 விழுக்காட்டுக்கும் மேல் ஒத்தவை. அளவுகோலின்படி இரண்டும் ஒன்றே. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவும் அவ்வாறே. அதற்குத் தனிப் பேரினப் பெயர் இருப்பினும், மரபணுத்தொகுதியின்படி அது எஸ்செரிச்சியா கோலையின் கூட்டத்துக்குள்ளேயே அடங்கும். பெயரை மாற்றினால் மருத்துவத்தில் குழப்பம் நேரும் என்பதால் பழைய பெயர்கள் தொடர்கின்றன.

ஒரே சிற்றினத்துக்குள்ளும் வேற்றுமை பெரிதாக இருக்கலாம். எஸ்செரிச்சியா கோலையின் மூன்று கால்வழிகளை 2002இல் ஒப்பிட்டனர். ஒன்று ஆய்வகத்தில் வளர்க்கப்படும் தீங்கற்ற வகை. மற்ற இரண்டும் நோய் தருபவை. மூன்றின் புரதங்களையும் ஒன்றாகத் தொகுத்து நோக்கியபோது, மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை 39.2 விழுக்காடு மட்டுமே. எல்லாக் கால்வழிகளுக்கும் பொதுவானவற்றை மைய மரபணுக்கள் என்றும், சிலவற்றில் மட்டும் காணப்படுபவற்றைத் துணை மரபணுக்கள் என்றும் கூறுவர். சிற்றினம் என்பது ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளின் வரிசை அன்று. பொதுச்சொத்தும் தனிச்சொத்தும் கொண்ட பெருங்குடும்பம் அது.

ஆகவே, சிற்றினத்தின் பெயர் என்பது முடிந்த முடிவன்று. ஒப்பிட்டுக் கண்ட சான்றுகளின்மேல் எழுப்பிய தீர்ப்பு அது. புதிய சான்று வந்தால் தீர்ப்பும் திருந்தும். நல்ல சுவடி கிடைத்தபோது பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்தியதைப்போல.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினால், அதில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வக ஊடகத்தில் வளராதவை, பெயர் பெறாதவை. தமிழ்நாட்டில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் எழுத்துகளைப் பிறநாட்டார் படித்தனர். இம்மண்ணின் எஞ்சிய ஏடுகளைப் படிக்கும் பணி, இவ்வகுப்பறைகளிலிருந்து எழுந்து செல்வோருக்காகக் காத்திருக்கிறது.

கலைச்சொல் அறிவோம்

மரபணுத்தொகுதி – ஜீனோம்
சிற்றினம் – ஸ்பீஷிஸ்
பேரினம் – ஜீனஸ்
கால்வழி – ஸ்ட்ரெயின்
போலி மரபணு – சூடோஜீன்
நொதி – என்சைம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உணவு, வேளாண்மை, உடல்நலம் ஆகியவற்றோடு தொடர்புடைய பாக்டீரியாக்கள் எவை என்பதை உயிரியல் ஆசிரியரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. ஒரே செய்யுளை நால்வர் பார்த்தெழுதி, ஒருவர் எழுதியதை அடுத்தவர் படியெடுக்கச் செய்க. நேர்ந்த பிழைகளை ஒப்பிட்டு, எது எதிலிருந்து வந்தது என வகுப்பில் கண்டறிக.

பலவுள் தெரிக

1. பொருத்தமான இணையைத் தேர்ந்தெடுக்க.
அ) கார்ல் ஊஸ் – தொழுநோய்ப் பாக்டீரியாவைக் கண்டறிதல்
ஆ) அர்மவர் ஹான்சன் – ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஒப்பீடு
இ) ஸ்டூவர்ட் கோல் – ‘டி.என்.’ மரபணுத்தொகுதி
ஈ) உ.வே.சாமிநாதையர் – மரபணு வகைப்பாடு

2. ஐசோனியாசிட் தொழுநோயைத் தீர்க்காமைக்குக் காரணம்
அ) பாக்டீரியா மெதுவாக வளர்தல்
ஆ) ‘கேட்-ஜி’ மரபணு சிதைந்திருத்தல்
இ) மரபணுத்தொகுதி பெரிதாக இருத்தல்
ஈ) கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம்

குறுவினா

1. போலி மரபணு என்பது யாது?
2. விலங்குகளுக்குரிய சிற்றின வரையறை பாக்டீரியாவுக்குப் பொருந்தாமை ஏன்?

சிறுவினா

1. பாடபேதத்தை மரபணு மாற்றத்தோடு ஒப்பிட்டு விளக்குக.
2. புரதம் உண்டாக்கும் மரபணுக்களைவிடப் போலி மரபணுக்களில் வேற்றுமை மிகுவது ஏன்?

நெடுவினா

1. ‘ஒரு சிற்றினத்தைச் சிற்றினமாக்குவது அது பெற்றவை மட்டும் அல்ல, அது இழந்தவையும் ஆகும்.’ – இக்கூற்றைத் தொழுநோய், காசநோய்ப் பாக்டீரியாக்களின் ஒப்பீட்டைக் கொண்டு நிறுவுக.